ஸ்க்ரம் என்னும் சொல்: ரக்பித் திடலும் மென்பொருள் கூடமும்



இன்றைய உரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். அது தமிழ்ச் சொல்லும் அன்று. அதைத் தமிழாக்க முயன்று நாங்கள் தவறியதிலிருந்தே இவ்வுரை தொடங்குகிறது. எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் இருவரும் கணினி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து, மாணவர்களின் திட்டப்பணிக்கு உதவும் வகையில் ஒரு சிறு கலைச்சொல் பட்டியல் தொகுத்தோம். மூவருள் ஒருவரே இங்கு நின்று பேசுகிறார் என்றாலும், பிழை மூவருக்கும் பொது என்பதால் ‘நாங்கள்’ என்றே பேச இசைவு தாருங்கள்.

பட்டியலில் ‘ஸ்க்ரம்’ என்ற சொல் வந்தது. மென்பொருள் குழுக்கள் பணியாற்றும் ஒரு முறைக்கு அது பெயர். நாங்கள் ஆங்கில அகராதியைப் புரட்டினோம். ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் முட்டித் தள்ளும் நிலை என்று ஒரு பொருள். ஒழுங்கற்ற கூட்டம், அமைச்சரைச் சூழ்ந்து செய்தியாளர்கள் மொய்ப்பது போன்ற நெருக்கடி என்று இன்னொரு பொருள். இரண்டையும் கூட்டிக் கழித்து ‘நெரிசல் முறை’ என்று எழுதிவிட்டோம். எழுதியபோது சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

உயர்நிலை நான்காம் ஆண்டில் பயிலும் மாணவர் ஒருவர், ரக்பியை இணைப்பாட நடவடிக்கையாகக் கொண்டவர், அந்தத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். “சார், ஸ்க்ரம்மில் நெரிசல் கிடையாது. நெரிசல் ஆனால் கழுத்து போய்விடும்” என்றார். அவர் நிற்பது முன்வரிசையின் நடுவில். அவருக்குத் தெரிந்தது அகராதிக்குத் தெரியவில்லை.

அகராதியின் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. இச்சொல்லின் மூலம் ‘ஸ்கர்மிஷ்’. சிறு படைகளுக்கு இடையே நிகழும் கைகலப்பு என்பது அதன் பொருள். அது ‘ஸ்க்ரிம்மேஜ்’ ஆயிற்று; பின்னர் ‘ஸ்க்ரம்மேஜ்’ ஆயிற்று; நா வசதிக்காக வால் அறுபட்டு ‘ஸ்க்ரம்’ என நின்றது. அமெரிக்கக் காற்பந்தில் இன்றும் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு நடுவில் இருந்த வடிவமான ‘ஸ்க்ரிம்மேஜ்’ என்பதே வழங்குகிறது. ஒரே வேர், இரண்டு திடல்கள்.

பழைய ரக்பியும் பெயருக்கேற்ற கைகலப்பாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் ரக்பிப் பள்ளியில் ஆட்ட விதிகள் 1845ஆம் ஆண்டில் எழுத்தில் வந்தன. ரக்பி ஒன்றியம் 1871இல் அமைந்தது. அதே ஆண்டு எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய முதல் பன்னாட்டு ஆட்டத்தில் ஓர் அணிக்கு இருபது பேர். அவர்களுள் பெரும்பாலோர் பந்தைச் சுற்றி ஒரு திரளாக நின்று முட்டித் தள்ளினார்கள். 1877இல்தான் இருபது பதினைந்தாகக் குறைந்தது. ஆக, நாங்கள் எழுதிய ‘நெரிசல்’ ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய திடலுக்குப் பொருந்தும். இன்றைய திடலுக்குப் பொருந்தாது. நெரிசலை ஒழுங்காக்கியதே அந்த ஆட்டத்தின் வரலாறு. நாங்களோ ஒழுங்கை மீண்டும் நெரிசலாக்கினோம்.

இனி அந்த ஒழுங்கைச் சற்று நின்று பார்ப்போம். மாணவரை வகுப்பின் முன்னே அழைத்து, நண்பர்களைக் கொண்டு நிறுத்திக் காட்டச் சொன்னோம். மேசைகளை ஒதுக்கிவிட்டுத்தான் நடந்தது. தள்ளிப் பார்க்க யாரையும் விடவில்லை.

ஓர் அணிக்கு எட்டுப் பேர். முன்வரிசையில் மூவர். நடுவில் நிற்பவர் காலால் பந்தைக் கொக்கி போட்டு இழுப்பவர். அவரை ‘ஹூக்கர்’ என்பார்கள். அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் ‘ப்ராப்’ எனப்படுவோர். ‘ப்ராப்’ என்றால் முட்டு. வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அதே முட்டு. இம்மூவரின் இடுப்புகளுக்கு இடையே தலையை நுழைத்து இரண்டாம் வரிசையில் இருவர், பக்கங்களில் இருவர், எல்லாருக்கும் பின்னால், எட்டாம் எண் சட்டை அணிந்தவர். ஒவ்வொருவர் சட்டையிலும் உள்ள எண் அவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. இடப்புற முட்டின் தலைக்கு ஒரு பக்கம் வெளி இருக்கும். வலப்புற முட்டின் தலை எதிரணியினர் இருவரின் தலைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும். பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் இரண்டு வேலைகளும் இதனால் வேறு வேறு. ஒன்றைப் பழகியவரை மற்றதில் சட்டென்று நிறுத்த இயலாது.

தொழில்முறை அணி ஒன்றின் எட்டுப் பேரையும் நிறுத்தால் எண்ணூறு கிலோவைத் தாண்டும். இரு தரப்பும் சேர்ந்த அத்தனை எடையும் கழுத்தையும் முதுகையும் நம்பி நிற்கிறது. ஆகவே நடுவர் மூன்று கட்டளைகளை முறையாகச் சொல்கிறார்: குனியுங்கள், பற்றுங்கள், பொருந்துங்கள். 2013ஆம் ஆண்டு முதல் வழங்கும் வரிசை இது. அதற்கு முன்பு சற்று விலகி நின்று பாய்ந்து மோதிக்கொள்வார்கள். மோதலின் வேகத்தைக் குறைப்பதற்காக, எதிரணியினரின் சட்டையை முன்வரிசையினர் முதலிலேயே பற்றிக்கொள்ள வேண்டும், பிறகே பொருந்த வேண்டும் என்று மாற்றினார்கள். கட்டமைப்பு சரிந்தால் உடனே விசில். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொரு விதி. முன்வரிசையில் நின்று பழகிய வீரர் காயமுற்று வெளியேறி, அவ்விடத்திற்குப் பயிற்சி பெற்ற மாற்று வீரர் இல்லையென்றால், அதன் பிறகு ஸ்க்ரம்மில் தள்ளுதலே கிடையாது. வடிவத்துக்கு நின்று, பந்தைப் போட்டு, எடுத்துச் செல்வதோடு சரி. ‘யாராவது ஒருவர் நின்று சமாளிக்கட்டும்’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நாம் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

ஸ்க்ரம் எப்போது நிகழ்கிறது? இதுவே உரையின் நடுப்பகுதி எனலாம். பந்தைத் தவறவிட்டு அது முன்னோக்கிச் சென்றாலோ, கையால் முன்னோக்கி வீசினாலோ, அது போன்ற சிறு பிழைக்குப் பிறகு ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் வழி அது. பெரிய குற்றத்துக்குத் தண்டனை வேறு. சிறு பிழை நேர்ந்தது, நேர்ந்ததை இரு தரப்பும் ஏற்கின்றன, பிழை செய்யாத அணி பந்தை உள்ளிடுகிறது, ஆட்டம் தொடர்கிறது. ஸ்க்ரம் என்பது பிழைக்குப் பின் எழுந்து நிற்கும் ஏற்பாடு.

இத்தகைய சொல் மென்பொருள் கூடத்திற்கு எப்படி வந்தது? வழியில் ஜப்பான் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு ஜனவரியில், ஹிரோதாகா தகேயுச்சி, இகுஜிரோ நொனாகா ஆகிய இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மென்பொருளைப் பற்றிய கட்டுரை அன்று அது. ஹோண்டாவின் சிட்டி கார், கேனன் நிறுவனத்தின் புகைப்படக் கருவி, ஃபுஜி-ஜெராக்ஸின் நகலெடுக்கும் இயந்திரம் முதலிய புதிய பொருள்கள் எவ்வாறு உருவாயின என்று ஆராய்ந்தார்கள். பழைய முறை அஞ்சலோட்டம் போன்றது: ஒரு பிரிவு தன் வேலையை முடித்து அடுத்த பிரிவிடம் கோலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். புதிய முறையோ ரக்பி போன்றது: அணி முழுவதும் தங்களுக்குள் பந்தை மாற்றிக்கொண்டே எல்லை வரை சேர்ந்து செல்லும். வேலையின் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்து கிடப்பதை விளக்க, தட்டில் அடுக்கிய ‘சஷிமி’ மீன் துண்டுகளையும் அவர்கள் உவமையாக்கினார்கள். தம் ஊர் உணவை உலக மேலாண்மை இதழில் உவமையாக்கிய அந்தத் துணிவு எங்களுக்குப் பிடித்திருந்தது.

இங்கே ஒரு சிறு வழக்கு உண்டு. கட்டுரையில் ‘ஸ்க்ரம்’ என்ற சொல்லும் வருகிறது. ஆனால் பந்தை மாற்றிக்கொண்டு சேர்ந்து ஓடுவது, ஆட்டத்தைக் கண்டவர்க்குத் தெரியும், ஸ்க்ரம் கலைந்த பிறகு நடப்பது. ஸ்க்ரம்மில் எவரும் ஓடுவதில்லை. சில அடிகள் நகர்ந்தாலே பெரிது. ஆகவே அச்சொல் திடலைவிட்டுப் புறப்பட்டபோதே பொருளில் பாதியைத் திடலில் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். 1990இல் டிகிரேஸ், ஸ்டால் என்னும் இருவர் இம்முறையை மென்பொருள் நூலொன்றில் அப்பெயராலேயே குறித்தார்கள். 1993இல் ஜெஃப் சதர்லாந்து அமெரிக்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இதை நடைமுறைப்படுத்தினார். 1995இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் நடந்த மாநாட்டில் கென் ஷ்வாபர் இதை முறையாக எடுத்துரைத்தார். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் பனிமலை விடுதியொன்றில் பதினேழு பேர் கூடி ‘அஜைல்’ எனப்படும் கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது இவ்விருவரும் அதில் இருந்தார்கள். ஸ்க்ரம் வழிகாட்டி என்னும் சிறு ஏடு 2010இல் வெளிவந்து பலமுறை திருத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு முந்தியவற்றைவிடச் சிறியது.

முறை இதுதான். பத்துப் பேருக்கு மிகாத குழு. ஒரு மாதமோ அதற்குக் குறைவோ ஆன வேலைத் தவணை. தவணை முடிவில் பயன்படுத்தக்கூடிய ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டும். பாதி கட்டிய பாலம் கணக்கில் சேராது. நாள்தோறும் பதினைந்து நிமிடச் சந்திப்பு. தவணை முடிவில் செய்த பொருளைப் பார்ப்பதற்கு ஓர் அமர்வு. செய்த விதத்தைப் பார்ப்பதற்கு இன்னோர் அமர்வு. இந்தக் கடைசி அமர்வில்தான் திடலின் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது: நேர்ந்த பிழையை ஏற்று மீண்டும் தொடங்குவது. நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

நாங்களும் கைவிட்டோம். அதைச் சொல்லாமல் இவ்வுரை நிறைவு பெறாது.

நூலகத்தில் புத்தகம் இரவல் பெறுவதைப் பதிவு செய்யும் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்க ஆறு மாணவர்கள் முன்வந்தார்கள். எட்டு வாரத் திட்டப்பணி. இருவர் திரையை அமைக்க, இருவர் தரவைச் சேமிக்கும் பகுதியைச் செய்ய, இருவர் சோதிக்க. நாங்கள் உற்சாகமாக ஸ்க்ரம் முறையைப் புகுத்தினோம். காலை ஒன்றுகூடலுக்கு முன் பதினைந்து நிமிடம். எல்லாரும் நின்றுகொண்டு பேச வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதும் உண்டா என்ற மூன்று கேள்விகள். ஒருவர் கேட்டார், ஒருவர் குறிப்பேட்டில் எழுதினார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் வாரத்திற்குள் பதில்கள் வாய்பாடு போல் ஆயின: நேற்றும் வேலை செய்தேன், இன்றும் செய்வேன், தடை ஏதும் இல்லை.

ஏழாம் வாரத்தில் பகுதிகளைப் பொருத்தியபோது செயலி ஓடவில்லை. திரை அமைத்தவர்கள் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் பன்னாட்டு எண்ணைக் கொண்டு தேடினார்கள். தரவு சேமித்தவர்கள் எங்கள் நூலகத்தின் அலமாரி எண்ணைக் கொண்டு சேமித்திருந்தார்கள். முப்பது நாளுக்கு மேல் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று பேசியிருக்கிறார்கள். ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. ஏனென்று கேட்டபோது, முன்வரிசையில் ஆடும் அதே மாணவர்தான் பதில் சொன்னார். அக்குழுவில் அவரும் ஒருவர். “நாங்கள் உங்களைப் பார்த்துத்தானே பேசினோம் சார். ஸ்க்ரம் நடக்கும்போது எங்கள் பயிற்சியாளர் திடலுக்கு வெளியே நிற்பார்.”

அன்று மாலை வழிகாட்டியை மீண்டும் படித்தோம். அந்த நாள் சந்திப்பு, வேலையைச் செய்பவர்களுக்கு உரியது. மேலே இருப்பவர்க்கு அறிக்கை கொடுக்கும் இடம் அன்று. நாங்கள் வேதம்போலப் பிடித்துக்கொண்ட மூன்று கேள்விகளை, 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் வெறும் எடுத்துக்காட்டு என்ற நிலைக்கு இறக்கி, 2020இல் நீக்கியே விட்டிருந்தார்கள். நாங்கள் நடத்தியது ஸ்க்ரம் அன்று. வருகைப் பதிவு.

அடுத்த தவணையில் நாங்கள் அறையின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டோம். இது உடனே பலன் தந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பவும் வேண்டியதில்லை. முதல் வாரம் அரட்டை. இரண்டாம் வாரம் சண்டை. இடையில் புகாமல் இருப்பது எங்களுக்குக் கடினமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவி, தம்முடைய பகுதி தமக்கே புரியவில்லை என்று நண்பர்கள் நடுவே சொன்னார். முந்தைய தவணையில் அவரே நாள்தோறும் ‘தடை ஏதும் இல்லை’ என்று சொன்னவர். மற்ற இருவர் தம் வேலையை நிறுத்திவிட்டு அவரோடு அமர்ந்தார்கள். இறுதியில் கிடைத்த செயலி சிறியது: இரவல் கொடுத்ததைப் பதியும், திருப்பியதைப் பதியாது. ஆனால் ஓடியது.

மீண்டும் சொல்லுக்கு வருவோம். உவமையில் பிறந்த கலைச்சொற்களைத் தமிழில் என்ன செய்வது என்பது பழைய கேள்வி. கணினியில் கையால் நகர்த்தும் கருவிக்கு ஆங்கிலத்தில் எலியின் பெயர். மலாய் மொழி அந்த எலியை விடாமல் ‘தெத்திக்குஸ்’ என்று சொல்லாக்கிக்கொண்டது. தமிழ் எலியை விட்டுவிட்டு அதன் வேலையைப் பிடித்துச் ‘சுட்டி’ என்றது. இரண்டும் நல்ல சொற்கள். இந்நாட்டில் இரண்டையும் ஒருங்கே கேட்கும் பேறு நமக்கு உண்டு. மென்பொருளில் படிப்படியாக மட்டுமே இறங்கும் பழைய முறைக்கு ‘அருவி முறை’ என்ற மொழிபெயர்ப்பு எளிதில் பொருந்திவிட்டது. அருவியை எல்லாரும் அறிவோம். விளையாட்டிலிருந்து சொல் எடுப்பதும் தமிழுக்குப் புதிதன்று. அரசியலில் காய் நகர்த்துகிறார்கள் என்கிறோம். ஒருவரைப் பகடைக்காய் ஆக்கினார்கள் என்கிறோம். அவை நாம் ஆடிய ஆட்டங்கள். ரக்பியைப் பாடாங் திடலில் கண்டிருக்கிறோம். எழுவர் ஆட்டத்தை விரும்பிப் பார்ப்போரும் நம்மிடையே உண்டு, ஆயினும் அங்கு ஸ்க்ரம்முக்கு மூவரே. எண்மர் நிற்கும் ஸ்க்ரம்மின் உள்ளே கழுத்தைக் கொடுத்தவர்கள் நம்முள் சிலரே.

எனவே பட்டியலைத் திருத்தினோம். வேலையைக் கொண்டு பெயரிடக் கூடியவற்றுக்குத் தமிழ்ச் சொல் இட்டோம். ‘ஸ்ப்ரிண்ட்’ என்பது விரைவோட்டத்தைக் குறிக்கும் சொல். ரக்பியோடு தடகளத்தையும் கலந்துவிட்டார்கள். பள்ளியாண்டைத் தவணைகளாகப் பிரித்துப் பழகிய நமக்கு ‘வேலைத் தவணை’ என்றால் விளங்கிவிடும். நாள்தோறும் கூடுவதற்கு ‘நாள் சந்திப்பு’. தவணை முடிவில் செய்த விதத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குப் ‘பின்னோக்கு அமர்வு’. முறையின் பெயரை மட்டும் ‘ஸ்க்ரம்’ என்றே விட்டோம். ரக்பியில் உள்ள நிலைக்குத் ‘தோள்பிணைப்பு’ என்று எழுதி, சிறு பிழைக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்க எண்மர் பிணைந்து நிற்கும் நிலை என்று விளக்கமும் சேர்த்தோம்.

திருத்திய தாளை அந்த மாணவரிடமே முதலில் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். ‘எண்மர்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். “பதினாறு பேர் சார். எதிரணி எட்டுப் பேரும் சாய்ந்து நின்றால்தான் நாங்கள் விழாமல் நிற்க முடியும்” என்றார். அவர் சொன்னது சரி. தோள்பிணைப்பு ஓர் அணிக்குள் நிகழ்வது; எதிரெதிர் நிற்கும் இரண்டு அணிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு எங்களிடம் சொல் இல்லை. மென்பொருள் குழுவுக்கு எதிரே சாய்ந்து நிற்பவர் யார் என்று கணினி ஆசிரியரைக் கேட்டோம். வாடிக்கையாளர் என்றார், பிறகு காலக்கெடு என்றார், பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

உங்கள் கையில் உள்ள பட்டியலில் அந்த வரிக்கு நேரே இடம் வெற்றாக இருப்பதைக் காண்பீர்கள். அச்சுப் பிழை அன்று. பொருத்தமான சொல் தோன்றினால், வெளியே மேசையில் வைத்திருக்கும் தாளில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். ரக்பி ஆடும் மாணவர்கள் யாரேனும் இருந்தால் அவர்கள் முதலில் எழுதட்டும்.